ஷார்ட்பிரெட் டின்னும் ‘கட்டமைப்பு’ என்கிற சொல்லும்

நம்முடைய வட்டத்தில் ஒரு விவாதத்தை முடித்துவைக்க வேண்டுமென்றால் ‘அது கட்டமைக்கப்பட்டது’ என்று சொன்னால் போதும். தேசம் கட்டமைக்கப்பட்டது, மரபு கட்டமைக்கப்பட்டது, குடும்பம் கட்டமைக்கப்பட்டது. சொன்னவர் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார், கேட்டவர் டீ சொல்லப் போய்விடுவார். இந்தச் சொல்லின் பயனை நான் மறுக்கவில்லை. இயற்கை என்றும் தெய்வ சங்கல்பம் என்றும் சொல்லப்பட்ட பலவற்றை மனிதர்கள் செய்தவை என்று காட்ட இது உதவியிருக்கிறது. ஆனால் கட்டமைக்கப்பட்டது என்று கண்டுபிடித்த பிறகு அடுத்து என்ன கேட்பது என்பதில்தான் மாட்டிக்கொள்கிறோம். பெரிய விஷயங்களை வைத்து இதைப் பேசினால் ஐந்து நிமிஷத்தில் கட்சி பிரிந்துவிடும். அதனால் ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் மாதம் லண்டனிலிருந்தோ டொரொண்டோவிலிருந்தோ ஊருக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் தகர டின்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று நீல நிற வட்ட டின், டென்மார்க் பாணி வெண்ணெய் பிஸ்கட். தின்று தீர்ந்ததும் ஊசி, நூல், பட்டன் போட்டு வைக்கிற பெட்டியாக அது நம் வீடுகளில் மறுபிறவி எடுத்துவிடும். மற்றது சிவப்புக் கட்டம் போட்டது. அதற்குள் இருப்பது ஸ்காட்லாந்து ஷார்ட்பிரெட். ஒரு கூட்டத்தில் இந்த இரண்டாவது டின்னைச் சுற்றுக்கு விட்டபோது நண்பர் ஒருவர் மூடியைத் தட்டிக்காட்டி, “இந்தக் கட்டம் போட்ட துணியே புதுசா கண்டுபிடிச்ச மரபுதான், தெரியும்ல” என்றார். தெரியும். ஆனால் அங்கே நின்றுவிட முடியுமா என்பதுதான் என் கேள்வி.

முதலில் பண்டத்தைப் பார்ப்போம். பெயரில் ரொட்டி இருக்கிறதே ஒழிய இது ரொட்டி அல்ல. ‘ஷார்ட்’ என்பதற்கு இங்கே குட்டை என்று அர்த்தம் இல்லை. சட்டென்று உதிர்ந்து பொடிவது என்பது அந்தச் சொல்லின் பழைய பொருள்களில் ஒன்று. கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் அதிலுள்ள புரதம் நீண்ட இழைகளாகக் கோர்த்துக்கொண்டு இழுவையாகிவிடும். பரோட்டாவை வீசமுடிவது அதனால்தான். மாவை முதலில் வெண்ணெயோடு பிசறிவிட்டால் கொழுப்பு மாவுத்துகள்களின் மேல் பூசிக்கொள்ளும், இழை நீள வழியில்லை. வாயில் போட்டதும் கரைகிறது. நம் வீட்டில் முறுக்கு மாவில் வெண்ணெயோ காய்ச்சிய எண்ணெயோ விட்டுப் பிசறிக்கொண்டு அப்புறம் தண்ணீர் தெளிக்கிறார்களே, கிட்டத்தட்ட அந்த நியாயம்தான். அரிசி மாவில் அந்த இழுவைப் புரதம் கிடையாது, இருந்தாலும் நடுவில் புகுந்து ஒட்டவிடாமல் செய்கிற வேலையைக் கொழுப்புதான் பார்க்கிறது. பேக்கரி நெய் பிஸ்கட்டுக்கும் இதேதான்.

சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு. ஒரு சிட்டிகை உப்பு. முட்டை கிடையாது, சோடா மாவு கிடையாது. குறைந்த சூட்டில், சிவக்க விடாமல், வெளிறிய நிறத்திலேயே எடுத்துவிட வேண்டும். மேலே முள்கரண்டியால் குத்திய துளைகள் அலங்காரம்போல் தெரிந்தாலும் வேகும்போது ஆவி போய் மேல்பக்கம் கொப்புளிக்காமல் இருக்கத்தான். விரல் நீளத்தில் ஒன்று, வட்டமாக ஒன்று, பெரிய வட்டத்தை முக்கோணத் துண்டுகளாக வெட்டியது ஒன்று என்று மூன்று வடிவங்கள் வழக்கம். இந்த மூன்றாவது வகை ராணி மேரிக்குப் பிரியமானது என்று ஒரு கதை உண்டு. 1587இல் தலை வெட்டப்பட்ட ராணி. இந்த மாதிரி கதைக்கு ஆதாரம் கேட்கக்கூடாது, தல புராணத்துக்குக் கேட்கிறோமா என்ன.

இந்த ஒன்று-இரண்டு-மூன்று கணக்கை ஒரு வர்க்கக் கணக்காகவும் வாசிக்கலாம். ஸ்காட்லாந்தின் ஏழைக் குடியானவன் தின்றது கோதுமை அல்ல, ஓட்ஸும் பார்லியும். வெண்ணெய் அவன் வீட்டில் எடுத்தாலும் அவனுக்கு மிஞ்சியதில்லை. குத்தகையின் ஒரு பகுதியைக் கோழியாகவும் பாலாடைக்கட்டியாகவும் வெண்ணெயாகவும் நிலக்காரனுக்கு அளக்கிற வழக்கம் பல இடங்களில் இருந்தது. ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளில் வரியே வெண்ணெயில் கட்டினார்கள். சர்க்கரையோ கடல் தாண்டி வர வேண்டும். ஆக, மலைநாட்டு மக்களின் தொன்மையான உணவு என்று டின் சொல்கிற இந்தப் பண்டத்தின் மூன்று சேர்மானங்களில் ஒன்று அவர்களிடம் அரிது, ஒன்று பறிபோவது, ஒன்று அயல்சரக்கு. வருஷத்தில் ஒருநாள் பார்க்கிற பொருள். அதனால்தான் அது பண்டிகைப் பண்டம்.

எந்தப் பண்டிகை என்று கேட்டால் இன்னொரு வேடிக்கை. உலகம் முழுக்க இதைக் கிறிஸ்துமஸ் பிஸ்கட்டாக விற்கிறார்கள். ஆனால் ஸ்காட்லாந்தின் சீர்திருத்தத் திருச்சபை கிறிஸ்துமஸை வேதத்தில் இல்லாத கத்தோலிக்கச் சடங்கு என்று ஒதுக்கியது. யூல் என்பது அங்கே கிறிஸ்துமஸ் காலத்துக்குப் பழைய பெயர். 1583இல் கிளாஸ்கோவில் யூல் கொண்டாடியவர்களைத் திருச்சபை தண்டித்தது. யாருக்காக யூல் ரொட்டி சுட்டுக் கொடுத்தீர்கள் என்று ரொட்டிக்காரர்களை விசாரிக்கவும் சொன்னது. ஒரு ரொட்டித் துண்டை வைத்து ஆளைக் காட்டிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், பாருங்க. 1640இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் யூல் விடுமுறையைச் சட்டம் போட்டே ஒழித்தது. பிற்பாடு சட்டங்கள் மாறினாலும் அந்த மனநிலை தங்கிவிட்டது. கிறிஸ்துமஸ் அங்கே பொது விடுமுறையானது 1958இல்தான். அதுவரை பெரும்பாலான தொழிலாளர்களுக்கு டிசம்பர் 25 ஒரு வேலை நாள்.

கொண்டாட்டம் அத்தனையும் வருஷக் கடைசி இரவுக்கு நகர்ந்தது. ஹாக்மனே என்பார்கள். நடுநிசிக்குப் பிறகு வீட்டு வாசலை முதலில் மிதிப்பவர் அந்த வருஷத்தின் ராசியைக் கொண்டுவருவதாக நம்பிக்கை. கறுத்த முடிகொண்ட ஆண் வந்தால் விசேஷம். வெறுங்கையோடு வரக்கூடாது. ஒரு துண்டு நிலக்கரி, கொஞ்சம் உப்பு, விஸ்கி, ஷார்ட்பிரெட். அடுப்பும் சோறும் குறையக்கூடாது என்கிற ஏழை வீட்டு வேண்டுதல் அந்தப் பட்டியலில் அப்படியே இருக்கிறது. திருச்சபை தடுத்ததை ஜனங்கள் ஏழுநாள் தள்ளி வைத்துக் கொண்டாடிக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம். இதையும் ‘கட்டமைப்பு’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் டின்னின் மேலுள்ள கட்டமைப்பும் இதுவும் ஒன்றா?

இப்போது டின். கட்டம் போட்ட கம்பளித் துணிக்கு டார்டன் என்று பெயர். 1746 ஏப்ரலில் கலோடன் போரில் இளவரசர் சார்லஸ் எட்வர்டின் மலைநாட்டுப் படை தோற்றது. அதே வருஷம் லண்டன் அரசு போட்ட சட்டத்தின்படி மலைநாட்டு ஆண்களும் பையன்களும் தங்கள் உடையை அணியக்கூடாது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை, இரண்டாவது குற்றத்துக்கு ஏழு வருஷ நாடுகடத்தல். ஒரே ஒரு விலக்கு: மன்னரின் ராணுவத்தில் இருப்பவன் அணியலாம். அதாவது உன் அடையாளம் உனக்கு வேண்டுமா, எனக்காகச் சுடு.

அந்தச் சுடுகிற வேலை எங்கே நடந்தது என்று பார்த்தால் நம் வாசலுக்கே வந்துவிடுகிறது. 1780இல் 73ஆம் ஹைலேண்டர் படை சென்னையில் வந்து இறங்கியது. அந்த வருஷம் செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கினார்கள். அதில் அந்த ஹைலேண்டர் பிரிவினரும் இருந்தார்கள். சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்றரை வருஷத்துக்கு மேல் கிடந்த டேவிட் பெயர்ட்தான் 1799இல் அதே கோட்டையின் மீது நடந்த தாக்குதலுக்குத் தலைமை தாங்கினார். புள்ளலூரில் அவர்கள் விழுந்தபோது சொந்த ஊரில் அவர்களுடைய அண்ணன் தம்பிகள் அந்த உடையை உடுத்தத் தடை இருந்தது. 1782இல்தான் நீக்கினார்கள்.

தடை நீங்கியது, துணி திரும்பியது. ஆனால் துணிக்குரியவர்களின் நிலம் போனது. ஆடு வளர்ப்பு லாபம் என்று கண்ட நிலப்பிரபுக்கள் குடியானவர்களை வெளியேற்றத் தொடங்கினார்கள். சதர்லேண்டில் 1814இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கு வீடுகளுக்குத் தீ வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட எஸ்டேட் நிர்வாகி பேட்ரிக் செல்லர் 1816இல் விசாரணையில் விடுதலையானார். இதெல்லாம் நடந்து ஆறே வருஷம். 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். சுமார் 170 வருஷம் கழித்து அந்த மண்ணை மிதிக்கிற ஆளும் மன்னர். விழா ஏற்பாடு நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். மன்னருக்கே டார்டன் உடுத்திவிட்டார்கள், தொடைக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் இறுக்கமான உறை. அதுவரை மலைநாட்டானைக் காட்டான் என்று பேசிய சமவெளிக் கனவான்கள் எல்லாரும் கட்டம் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். எரிந்த வீட்டுக்காரனின் வேட்டியை எரித்தவன் கட்டிக்கொண்டு ஊர்வலம் போனான் என்று நம் பாணியில் சொல்லிவிடலாம்.

எந்தக் குலத்துக்கு எந்தக் கட்டம் என்கிற பட்டியலின் பெரும்பகுதி இந்தக் காலத்துச் சரக்குதான். பானக்பர்னில் வில்சன் என்ற நெசவு நிறுவனம் ராணுவத்துக்கு நெய்துகொண்டிருந்தது. எண்ணாலும் வேறு அடையாளங்களாலும் அறியப்பட்ட கோலங்கள் கடைக்கு வரும்போது குலப்பெயர் சூடிக்கொண்டன. 1842இல் பழஞ்சுவடியிலிருந்து எடுத்தது என்று சொல்லி இரண்டு சகோதரர்கள் வெளியிட்ட குலக்கட்ட நூல் போலி என்று பிற்பாடு நிரூபணமானது. பிறகு விக்டோரியா ராணியின் பால்மோரல் மாளிகை, ரயில், சுற்றுலா. 1874இல் பிரிட்டனில் சர்க்கரை மீதான சுங்கவரி நீங்கியது. 1875இல் ராபர்ட் பார்க்லே தகரத்தில் வண்ணப்படம் அச்சடிக்கிற ஆஃப்செட் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். மலிவான சர்க்கரை, படம் போட்ட தகரம். பிஸ்கட் டின் பிறக்க இதற்குமேல் என்ன வேண்டும்? இன்று டார்டன் அட்டையால் உலகம் அறிந்த வாக்கர்ஸ் நிறுவனம் 1898இல் ஒரு ரொட்டிக் கடையாகத் தொடங்கியது. ஷார்ட்பிரெட் பெட்டி மூடிகளில் மான், கோட்டை, ஏரி வருவதுண்டு. கலோடனில் தோற்று, பணிப்பெண் வேஷத்தில் ஃப்ளோரா மெக்டொனால்டின் துணையோடு தப்பிய அதே இளவரசரும் அவளிடம் விடைபெற்றுக்கொண்டிருப்பார்.

ஸ்காட்லாந்துக்காரர்களுக்கே இதெல்லாம் தெரியும். ‘ஷார்ட்பிரெட் டின்’ என்பது அங்கே ஒரு வசைச்சொல்லாகவே புழங்குகிறது, சுற்றுலாக்காரனுக்கு விற்கிற போலி ஸ்காட்லாந்து என்ற பொருளில். டாம் நேர்ன் 1977இல் எழுதிய ‘பிரிட்டனின் உடைவு’ நூலில் இந்த டார்டன் பூதத்தை நார்நாராகக் கிழித்தார். 1981இல் மர்ரே கிரிகரும் பார்பரா கிரிகரும் இப்படிப்பட்ட பிம்பங்களைச் சேகரித்துக் கண்காட்சியாகவே வைத்தார்கள். 1983இல் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் தொகுத்த ‘மரபின் கண்டுபிடிப்பு’ வந்தது. நம் நண்பர் டின்னைத் தட்டிச் சொன்ன வாக்கியம் அந்த நூலில் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. இன்றைய குட்டைப் பாவாடை உடையையே 18ஆம் நூற்றாண்டில் ஒரு இங்கிலாந்து இரும்பாலை முதலாளிதான் உண்டாக்கினார் என்பது அவர் வாதம். எல்லாரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். அந்தத் தொகுப்பை இடதுசாரி நூல் என்று நாம் எடுத்துப் பேசுகிறோம். ஹாப்ஸ்பாம் மார்க்சியர், சரி. ட்ரெவர்-ரோப்பர் யார்? பழமைவாதி. ஸ்காட்லாந்துக்குத் தன்னாட்சி கூடாது என்று 1970களில் வாதாடியவர். ஸ்காட்லாந்தின் தொன்மங்களைப் பற்றி அந்தச் சமயத்தில் அவர் எழுதிவைத்தது, அவர் இறந்த பிறகு 2008இல் முழுநூலாக வந்தது. ஆப்பிரிக்காவுக்கு வரலாறே கிடையாது, அங்கே ஐரோப்பியரின் வரலாறு மட்டும்தான் உண்டு என்கிற பொருள்பட 1963இல் பேசியவரும் இவர்தான். (மரபின் போலித்தனத்தைத் தோலுரித்த அதே 1983இல் ஹிட்லரின் நாட்குறிப்பு என்று வந்த அப்பட்டமான போலியை அசல் என்று சான்று சொல்லி மாட்டிக்கொண்டார். வரலாற்றுக்கும் நகைச்சுவை உணர்வு இருக்கும்போல.) உங்கள் மரபு கட்டமைக்கப்பட்டது என்று லண்டனிலிருந்து எடின்பரோவைப் பார்த்துச் சொல்வதும், நிலத்தைவிட்டுத் துரத்தப்பட்ட குடியானவனின் பேத்தி அந்த டின்னைப் பார்த்துச் சொல்வதும் ஒரே வாக்கியம்தான். ஒரே காரியம் இல்லை. வெஸ்ட்மின்ஸ்டரின் முடிசூட்டு விழாவும் கட்டமைக்கப்பட்டதுதானே, அதைக் காட்டி இங்கிலாந்துக்கு ஆளும் உரிமை கிடையாதுன்னு அவர் சொல்லவில்லை.

நம்ம ஊரிலும் இதே கதைதான். சேரிக்காரர்கள் தங்கள் சாமிக்கு ஒரு கதை சொன்னால், இது நேத்து முளைச்ச கதை, ஆதாரம் உண்டா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கிறவருடைய கோயில் கதைக்கு என்ன வயது என்பதை யாரும் கேட்பதில்லை. அந்தத் தொகுப்பின் ஆசிரியர்களில் ஒருவரான ரேஞ்சரே 1993இல் காலனி ஆப்பிரிக்காவை முன்வைத்துத் தன் பழைய கட்டுரையைத் திரும்பப் பார்த்தார். ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல் எல்லாவற்றையும் ஆள்பவனின் கையில் கொடுத்துவிடுகிறது, ஆளப்பட்டவர்கள் அதை எடுத்து என்ன செய்தார்கள் என்பது அதில் தெரியவில்லை, கற்பனை செய்தல் என்ற சொல் மேல் என்ற இடத்துக்கு வந்தார். ஹாக்மனே வாசலில் ஷார்ட்பிரெட்டோடு நிற்கிற ஆளையும் 1822 ஊர்வலத்தையும் ஒரே பெட்டிக்குள் போடமுடியாது என்று நான் சொல்வதும் இதைத்தான்.

அடுத்த சிக்கல் இன்னும் எளிமையானது. இந்த விமர்சனம் டின்னோடு நின்றுவிடுகிறது. மூடியைத் திறப்பதே இல்லை.

திறந்தால் முதலில் சர்க்கரை. கிளாஸ்கோவுக்குக் கீழே கிளைட் நதிக்கரையில் உள்ள கிரீனாக்கில் 1765 தொடங்கி 1997 வரை சர்க்கரை ஆலைகள் ஓடின. முதலில் வந்த கச்சாச் சர்க்கரை கரீபியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் விளைவித்தது. லீத் துறைமுகத்தில் பிறந்த ஜான் கிளாட்ஸ்டன் டெமராராவில் கரும்புத் தோட்டங்கள் வைத்திருந்தவர், பிரதமர் கிளாட்ஸ்டனின் அப்பா. அடிமை முறை ஒழிந்தபோது அடிமைகளுக்கு ஒன்றும் தரவில்லை, இவருக்கு ஒரு லட்சம் பவுனுக்கு மேல் நஷ்டஈடு கிடைத்தது. காலியான கைகளுக்குப் பதிலாக 1838இல் கல்கத்தாவிலிருந்து இரண்டு கப்பல்களில் சுமார் 400 பேரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோனதற்கு முன்னின்றவர் அவர். மொரீஷியஸ், நேட்டால், கயானா என்று நம் ஜனங்கள் கரும்புக்குப் போன பாதை இப்படித் திறந்ததுதான். 1860 நவம்பரில் டர்பனுக்கு முதல் கூலிகளை இறக்கிய ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து போனது.

ஷார்ட்பிரெட்டைத் தனியாக யாரும் தின்பதில்லை, தேநீரோடுதான். 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை வைத்த ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்தின் கின்கார்டின்ஷயரில் பிறந்தவர். இலங்கை மலையகத்தின் தோட்டப் பெயர்களைக் கொஞ்சம் உச்சரித்துப் பாருங்கள்: கிளாஸ்கோ, பால்மோரல், எடின்பரோ, ஹோலிரூட். டின் மூடியில் இருக்க வேண்டிய பெயர்கள். அந்தப் பெயர்களின் கீழ் லயன் அறைகளில் குடியிருந்து கொழுந்து பறித்தவர்கள் திருச்சி, மதுரை, சேலம் பக்கத்திலிருந்து போனவர்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களும் அவர்களே. துரைமார் வைத்த பெயர் வாயில் நுழையாதபோது அந்த மக்கள் பல தோட்டங்களுக்குத் தாங்களாக வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். மலைநாட்டிலிருந்து துரத்தப்பட்டவர்களின் தேசம் இன்னொரு மலைநாட்டுக்குத் துரைகளை அனுப்பியது. ‘பாவம் ஸ்காட்லாந்து’ என்று டின்னைப் பார்த்துக் கண்ணைக் கசக்குகிறவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

அப்புறம் வெண்ணெய். நல்ல ஷார்ட்பிரெட்டில் கொழுப்பு முழுக்க வெண்ணெய்தான், அதைப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். மலிவான சரக்கில் பனை எண்ணெய் சேர்ந்துவிடும். நம்ம ஊர் ‘வெண்ணெய்’ பிஸ்கட் பாக்கெட்டுகள் பலவற்றில் முகப்பில் வெண்ணெய்க் கட்டியின் படம், பின்னால் பொடி எழுத்தில் பனை எண்ணெய். மலேசியாவில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்ப் பனை வைத்தபோது பால்மரம் வெட்டிய தமிழர்கள் குலை இறக்கப் போனார்கள். பிறகு தோட்டங்களை வீட்டுமனைகளாக்கி விற்றபோது அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டார்கள்.

கடையில் வாங்கின பிஸ்கட்டா, வீட்டில் சுட்டதா என்று ஒரு ஒழுக்கவியல் விவாதமும் உண்டு. கடைச் சரக்கு நுகர்வுக் கலாச்சாரம், வீட்டில் பாட்டி சுட்டதுதான் அசல் என்பது இடதுசாரி வீடுகளிலும் கேட்கிற குரல். ஸ்காட்லாந்தின் ஏழைக் குடிசைகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் பலருக்குப் போறணையே கிடையாது. ஓட்ஸ் அடையை இரும்புக் கல்லில் சுட்டுக்கொண்டார்கள். ஷார்ட்பிரெட் வேண்டுமென்றால் ரொட்டிக்காரரிடம் காசு கொடுத்து வாங்கியதுதான். ஆக அந்த ‘அசல் பாட்டி’யும் போறணை உள்ள வீட்டுப் பாட்டிதான். தீபாவளிக்குக் கடையில் பலகாரம் வாங்கிவிட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும்போது நம் பெண்கள் ஏன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள் என்று யோசியுங்கள். ஆபீஸ் விட்டு வந்து ராத்திரி பன்னிரண்டு மணிவரை முறுக்கு பிழிந்தால்தான் மரபு காப்பாற்றப்படும் என்றால், அந்த மரபு யார் இடுப்பொடிந்து நிற்கிறது? கடை பிஸ்கட் அந்த உழைப்பை ஒழிப்பதில்லை, வேறு கைகளுக்கு மாற்றுகிறது. பண்டிகைக்கு மாதங்கள் முன்பே தொடங்கும் ஷிஃப்டுகளில், சீசனுக்கு மட்டும் எடுக்கிற ஆட்களின் கைகளுக்கு. 2004க்குப் பிறகு பிரிட்டிஷ் உணவுத் தொழிற்சாலைகளில் அந்தக் கைகளில் கணிசமானவை போலந்திலிருந்தும் மற்ற கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் வந்தவை. டின்னில் அவர்கள் படம் கிடையாது.

கடைசியாக ஒன்று. 2019 அக்டோபரில் அமெரிக்கா ஷார்ட்பிரெட் மீது 25 சதவீதம் கூடுதல் சுங்கவரி போட்டது. பிஸ்கட்டில் தகராறு ஒன்றுமில்லை. ஏர்பஸ் விமானக் கம்பெனிக்கு ஐரோப்பிய அரசுகள் கொடுத்த மானியத்தைப் பற்றி போயிங் சார்பில் நடந்த வழக்கில் ஜெயித்ததற்குப் பழிவாங்கத் தேர்ந்தெடுத்த பொருள்களில் இதுவும் ஒன்று. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கும் அடுத்த கிறிஸ்துமஸுக்கும் வரி இருந்தது, 2021 மார்ச்சில் நிறுத்திவைத்தார்கள். பட்டியலில் டார்டன் இல்லை, இளவரசர் இல்லை, ஷார்ட்பிரெட் என்ற பெயரும் இல்லை. இனிப்பு பிஸ்கட் என்று ஒரு எண் இருந்தது. நாடு என்ற இடத்தில் ஜெர்மனியும் ஐக்கிய இராச்சியமும் இருந்தன. ஸ்காட்லாந்து என்று ஒரு நாடு அந்தத் தாளில் கிடையாது.